நாலாவது பெட்டி மட்டும் ஏன் சாகவில்லை?

மூன்று வீடுகளில் மூன்று டி.வி. செத்துப் போயிருந்தன. ஒன்றின் மேலும் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணி மூன்றாவது வீட்டு சோபாவுக்கு அடியிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். குனிந்து தேடியதில் கிடைத்தது ஒற்றைக் காலுறை, ஒரு பேனா மூடி, உள்ளங்கை நிறையத் தூசி.

"துப்பு கிடைச்சுதா அண்ணி?" என்றான் சின்னவன், நாற்காலியில் சாய்ந்தபடியே.

"ஒரு சாக்ஸ் கிடைச்சுது."

"அப்ப குற்றவாளி ஒத்தைக் கால்காரன். கூட்டத்துல சுலபமாக் கண்டுபிடிச்சிடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாளாக அலைந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம். நாளை மதியம் கம்பெனியில் கூட்டம். அதற்குள் ஆள் யார் என்று சொல்லாவிட்டால், ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும் ஒருத்தியின் தலையில் பழியைக் கட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அண்ணி என்பது அவள் பெயர் இல்லை. சின்னவன் அவளுடைய கணவரின் தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர்களும் அவளை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். துப்பறியும் தொழில் அவள் கணவர் பெரியவருடையது. போன மழைக்காலத்தில் அவர் இறந்த பிறகு, கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தடவை தட்டியது கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி.

அவருடைய கம்பெனி இத்தனை வருடமாகக் கம்ப்யூட்டர் மட்டும்தான் செய்தது. இப்போது சொந்தமாக ஒரு டி.வி. செய்து பார்த்திருந்தார்கள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அழகான பெட்டி, முகத்தில் ஒரு பொத்தான் கிடையாது, ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. வெறும் கறுப்புக் கண்ணாடி. கடைக்கு அனுப்புவதா, இந்த வேலையே நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவதா என்று நாளைய கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று நாலு பெட்டிகளை வெளியே கொடுத்தார்கள். ஒன்று முதலாளி வீட்டுக்கு. ஒன்று அவருடைய மாமனார் வீட்டுக்கு, அதாவது அண்ணி இப்போது தூசி தட்டிய வீட்டுக்கு. ஒன்று கணக்குத் துறைத் தலைவர் வீட்டுக்கு. புகார் வந்த பிறகு ஒன்று, நேரில் பார்க்கட்டும் என்று, அண்ணி வீட்டுக்கு.

செத்த மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான். சாயங்காலம் படம் நன்றாக ஓடும். நடுவில் பட்டென்று இருண்டுவிடும். அதன் பிறகு ரிமோட்டை எப்படி அமுக்கினாலும் அசையாது. கம்பெனி இன்ஜினியர் வந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை ஆபீஸுக்குத் தூக்கிப் போய் மாட்டினால், ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். ஆபீஸில் ஒருநாளும் அது செத்ததில்லை.

"வெளியில இருந்து யாரோ அணைக்கிறாங்க," என்றார் முதலாளி முதல் நாளே. "ஒவ்வொரு வீட்லயும் கடைசியாக் கை வச்சது அந்த இன்ஜினியர் பொண்ணு. போன மாசம் வேற ஒரு டி.வி. கம்பெனிக்கு இன்டர்வியூ போயிட்டு வந்திருக்கு. நம்ம ரகசியத்தையும் எடுத்துக் குடுத்திருக்கும். இதுக்கு மேல என்ன வேணும்?"

இன்ஜினியரிடம் கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "போனேன். இங்க இந்த டி.வி. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா எனக்கு வேலை இருக்காதே. அதுக்காக நானே செஞ்சதை நானே கொல்லுவேனா? திருடின்னு ஒரு தடவை பேர் விழுந்தா இந்தத் தொழில்ல எந்தக் கதவும் திறக்காது. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அண்ணிக்குத் தெரியும்.

முதலாளியின் மாமனார் உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தார். "நான் தொடவே இல்லைம்மா. மாப்பிள்ளை பெட்டி, கெடுத்துடக் கூடாதுன்னு ரிமோட்டை அலமாரிக்குள்ள வச்சிடுவேன். பாத்துக்கிட்டே இருந்தேன், போயிடுச்சு."

"பொய் சொல்ற முகமா இது?" என்றான் சின்னவன், வெளியே வந்ததும்.

"இல்லை. அதுதான் எரிச்சலா இருக்கு. யாருமே பொய் சொல்ல மாட்டேங்கறாங்க."

"ஒருத்தர் வீட்டுக்குத்தான் நாம இன்னும் போகலையே."

சாகாத அந்த நாலாவது பெட்டி. கணக்குத் துறைத் தலைவர் வீட்டுப் பெட்டி. கம்பெனியில் அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். யார் எந்தச் செலவைக் கொண்டுபோனாலும் பாதியாக வெட்டித்தான் திருப்பித் தருவார். டி.வி. செய்யவே கூடாது என்று முதல் நாளிலிருந்து பிடிவாதமாக நின்ற ஒரே ஆள். அவர் வீட்டுப் பெட்டி மட்டும் ஒருநாள்கூடச் சாகவில்லை.

"வேண்டாம்னு சொன்னவர் வீட்ல மட்டும் ஜம்முன்னு ஓடுது," என்றான் சின்னவன். "ஒண்ணு, அவர் ரொம்ப நல்லவரா இருக்கணும். இல்லாட்டி மத்த மூணையும் அவர்தான் முடிச்சிருக்கணும். கணக்குப் பாக்கறவங்கள்ல ரொம்ப நல்லவங்களை நான் பாத்ததில்லை."

அது ஒன்றுதான் கையில் இருந்த நூல். அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லிப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடிக்கு ஏறுவதற்குள் சின்னவனுக்கு மூச்சு வாங்கியது.

"செத்துப் போன பெட்டியைப் பத்தி விசாரிக்க வந்து நான் செத்தா, கேஸ் யார் நடத்துவா அண்ணி?"

"பேசாம ஏறு."

அழைப்புமணியை அமுக்கும் முன்பே உள்ளே சத்தம் கேட்டது.

"இப்பத்தானே செய்தி வச்சேன், அதுக்குள்ள மாத்திட்டியா?"

"காலையில பாத்த செய்திதானே? செத்தவங்க மறுபடி பொழைச்சா வந்துட்டாங்க? தொடர் முடியட்டும், தர்றேன்."

"விளம்பரம்தானே ஓடுது, குடு."

"விளம்பரம் முடிஞ்சா மறுபடி யார் வைக்கிறது? உங்க கையில போனது திரும்பி வருமா?"

கத்திரி கதவைத் திறந்தார். சிவந்த முகம், கையில் ரிமோட். ஆபீஸில் அவரைக் கண்டு நடுங்குகிறவர்கள் இந்தக் கோலத்தில் பார்த்தால் நம்பமாட்டார்கள். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. வந்தவர்களை உட்காரச் சொல்லிக்கொண்டே ரிமோட்டை அவர் கையிலிருந்து லாகவமாக உருவிக்கொண்டார்.

"உங்க பெட்டி மட்டும் ஏன் சார் கெடலை?" என்று சின்னவன் நேராகவே கேட்டான்.

"என்னைக் கேட்டா? கெட்டுப் போயிருந்தா நாளைக்கு என் கட்சி ஜெயிச்சிருக்கும். கெடவே மாட்டேங்குது." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இதைப் பாருங்க, நல்லா இருக்குங்கறதுதான் என் தலைவலி. நல்லா இருக்கற சாமானை வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

பேசிக்கொண்டே அவர் கை தன்னை அறியாமல் மேஜையில் இருந்த ரிமோட்டுக்கு நீண்டது. மனைவி பார்க்காத நொடியில் செய்தி வந்தது. அடுத்த நிமிடம் தொடர் வந்தது. பிறகு சத்தம் கூடியது. பிறகு குறைந்தது. அண்ணி திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டிலும் ரிமோட் ஒருகாலத்தில் இப்படித்தான் அலைந்தது. பெரியவர் எதையும் முழுதாகப் பார்க்கமாட்டார். ஒரு பாட்டு பாதி, ஒரு செய்தி பாதி. அவளுக்குக் கோபமாக வரும். இப்போது அவள் எதையும் மாற்றுவதில்லை. போட்டது போட்டபடி ஓடும். அவள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். என்ன ஓடுகிறது என்றுகூடச் சில சமயம் தெரியாது.

சாகிற பெட்டிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். மாமனார் ரிமோட்டை அலமாரியில் பூட்டிவிட்டு உட்கார்கிறார். முதலாளி வீட்டில் தம் படைப்பை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அவள் வீட்டில் பிடுங்குவதற்கு ஆள் இல்லை.

"கிளம்பலாம்," என்றாள்.

"இன்னும் ஒரு கேள்விகூடக் கேக்கலையே அண்ணி."

"பதில் கிடைச்சிடுச்சு."

படியிறங்கும்போதே இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க கம்பெனிக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு யாரும் தொடாம விட்டா என்ன ஆகும்?"

"முக்கால் மணி நேரத்துல தூங்கிடும். கரண்ட் மிச்சம். கீபோர்டைத் தட்டினா எழுந்துக்கும்."

"டி.வி.க்குள்ள இருக்கறது எது?"

"எங்க கம்ப்யூட்டரேதான். அதை அப்படியே எடுத்து..."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"அதுக்குக் கீபோர்டு கிடையாதே," என்றாள் இன்ஜினியர், மிகவும் மெல்லிய குரலில். "தூங்கிட்டா ரிமோட் சொல்றது அதுக்குக் கேக்காது. முகத்துல ஒரு விளக்குகூட வைக்கலை. தூங்குதா, செத்துடுச்சான்னு யாருக்குத் தெரியும்?"

சின்னவன் நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாலு நாளாத் தூங்கறவனுக்குப் பிரேதப் பரிசோதனை பண்ணியிருக்கோம்."

வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் அண்ணி அடுத்த நாள் முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை நீங்க கூட்டத்துல சொல்லக் கூடாது."

அண்ணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் உள்ள புகுந்து கெடுத்தாங்கன்னா அது எங்களுக்குக் கௌரவம். நம்ம சாமானைக் கண்டு எவனோ பயந்திருக்கான்னு அர்த்தம். இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனி, டி.வி.யை உக்காந்துதான் பாப்பாங்கன்னு மறந்துட்டாங்கன்னா? ஊரே சிரிக்கும். நாசவேலைன்னு மட்டும் சொல்லுங்க. பேரைச் சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணை நான் சத்தமில்லாம அனுப்பிடறேன். சிபாரிசுகூடச் செய்யறேன்."

"செய்யாத தப்புக்கா?"

"கம்பெனிக்காக."

நாலு நாள் சோபாவுக்கு அடியில் ஊர்ந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கத்தலாம். கத்தினால் கூட்டத்துக்கே அவளை விடமாட்டார். "கூட்டத்துல நானே பேசிக்கறேன்," என்று மட்டும் சொன்னாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மதியம் நீள மேஜையைச் சுற்றி முதலாளி, கத்திரி, விற்பனை மேலாளர், இன்னும் இரண்டு இயக்குநர்கள். சுவரில் அந்தப் பெட்டி. இன்ஜினியரைத் திரையிலிருந்து தூரமாக, சன்னலோரம் உட்காரவைத்தாள் அண்ணி. பெட்டியைத் தானே போட்டாள். ஏதோ கடலும் பறவைகளும் ஓடின. ரிமோட்டை எல்லோரும் பார்க்க மேஜை நடுவில் வைத்தாள்.

"நான் அப்புறம் பேசறேன். நீங்க முதல்ல உங்க பேச்சைப் பேசுங்க," என்றாள்.

பேச்சு சூடு பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"வீட்ல எல்லா ரூம்லயும் நம்ம சாமான் இருக்கு," என்றார் விற்பனை மேலாளர். "ஹால்ல மட்டும் அடுத்தவன் உக்காந்திருக்கான். குடும்பம் ஒண்ணா உக்கார்ற இடம் அதுதான்."

"உக்காரட்டும்," என்றார் கத்திரி. "கம்ப்யூட்டரை நாலு வருஷத்துல மாத்துவான். டி.வி.யை வெடிக்கிற வரைக்கும் வச்சிருப்பான். எல்லா டி.வி.யிலயும் மாட்டற மாதிரி ஒரு சின்னப் பொட்டி செஞ்சு விப்போம். கண்ணாடியை அவன் செய்யட்டும், உடைஞ்சா அவனே மாத்திக் குடுக்கட்டும்."

"அடுத்தவன் கண்ணாடி வழியா நம்ம படத்தைப் பாக்கணுமா?" என்றார் முதலாளி. "எவ்வளவு நல்லாச் செஞ்சாலும் அவன் மங்கலாக் காட்டினா பேர் நமக்குத்தான் கெடும்."

"பேர் கெடும் கெடும்னு சொல்லியே எத்தனை கோடியைச் செலவு பண்ணுவீங்க?"

சொல்லிக்கொண்டே கத்திரியின் கை பழக்கதோஷத்தில் ரிமோட்டுக்குப் போனது. அவர் அமுக்கினார். கடல் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். உள்ளங்கையில் தட்டிவிட்டு அமுக்கினார்.

"இதுவும் போச்சா?" என்று அலுத்துக்கொண்டு கீழே வைத்தார்.

சின்னவன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பேட்டரி இரண்டும் அங்கே பத்திரமாக இருந்தன.

டீ வந்தது. சின்னவன் ஒரு கோப்பையை இன்ஜினியரிடம் கொடுத்தான். "ஒரு நிமிஷம் இதையும் பிடிச்சுக்கோங்க மேடம், செருப்பு வார் கழண்டுடுச்சு," என்று தன் கோப்பையையும் அவளுடைய மற்றொரு கையில் திணித்துவிட்டுக் குனிந்தான். குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

நேரம் ஊர்ந்தது. முதலாளி இரண்டு தடவை அண்ணியைப் பார்த்தார். மூன்றாவது தடவை, "நீங்க பேசலாமே," என்றார். அவள் இன்னும் இல்லை என்று தலையை அசைத்தாள். இனிப் பேச ஒன்றுமில்லை என்று இயக்குநர்களில் ஒருவர் பேனாவை மூடியபோது, பறவைகள் பறந்துகொண்டிருந்த இடத்தில் கறுப்பு விழுந்தது.

ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் இன்ஜினியர் பக்கம் திரும்பின.

அவள் சன்னலோரம் இரண்டு கையிலும் இரண்டு கோப்பையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யார் கெடுத்தாங்கன்னு கேட்டீங்க," என்றாள் அண்ணி. "இப்ப யாரும் தொடலை. தொடாததுதான் காரணம். இது கம்ப்யூட்டர். முக்கால் மணி நேரம் யாரும் தொடலைன்னா ஆள் எழுந்து போயிட்டாங்கன்னு நினைச்சுத் தூங்கிடும். எதிர்ல ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது."

"என் வீட்ல ஓடுதே?" என்றார் கத்திரி.

"உங்க வீட்ல அதைத் தூங்க விடறதில்லையே சார்."

விற்பனை மேலாளருக்குச் சிரிப்பு பீறிட்டது. கத்திரியின் காது சிவந்தது.

"இதை யார் உள்ள வச்சது?" முதலாளியின் குரல் உயர்ந்தது. தப்பிக்க அவருக்கு இன்னும் ஒரு வழி தேவைப்பட்டது.

இன்ஜினியர் கோப்பைகளைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்தாள். "யாரும் வைக்கலை சார். யாரும் எடுக்கலை. கம்ப்யூட்டரோட வந்தது. சோதிச்சுப் பாத்த எல்லாரும் பொத்தானை அமுக்கி அமுக்கித்தான் பாத்தோம். சும்மா உக்காந்து ஒரு படத்தைக் கடைசிவரைக்கும் பாருங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை. இங்க சும்மா உக்காந்திருந்தா வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?"

கத்திரி ஒரு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி பண்ண எவ்வளவு செலவாகும்?" என்றார் கத்திரி.

"செலவே இல்லை. ஒரு வரியை எடுத்தாப் போதும்."

"செலவில்லாத தப்புக்கா ஒரு ஆளை அனுப்பப் பாத்தீங்க?" கத்திரி முதலாளியைப் பார்த்தே கேட்டார். "டி.வி. வேண்டாம்னு இன்னைக்கும் சொல்றேன். ஆனா செய்யறதா இருந்தா இந்தப் பொண்ணுதான் செய்யணும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். டி.வி. செய்வதா வேண்டாமா என்பதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். இன்ஜினியரைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் இல்லை. எல்லோரும் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றான் சின்னவன், படியில். முதல் தடவையாக அவனிடம் கிண்டல் இல்லை. "மன்னிச்சுக்கோன்னு ஒரு சொல் வரலையே அண்ணி."

வேலை விடும் நேரம். வாசலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வழியனுப்ப வருவதுபோல் அண்ணியோடு கீழே வந்திருந்தார். காவலாளி யாரையும் நிறுத்தவில்லை. இன்ஜினியர் வந்ததும் மட்டும் கையை நீட்டினார்.

"மேடம், பை."

அவள் ஏற்கெனவே ஜிப்பைத் திறந்திருந்தாள். போன வாரத்திலிருந்து தினமும் நடக்கிறது என்று அவள் கையே சொன்னது. பின்னால் வந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

அண்ணி நின்று முதலாளியைப் பார்த்தாள். "சொல்லுங்க சார்."

"மேலதான் எல்லார் எதிர்லயும் ஆயிடுச்சே," என்றார் முதலாளி தணிந்த குரலில்.

"மேல இருந்தது அஞ்சு பேர். இங்க கம்பெனியே போகுது."

அவர் தயங்கினார். கார் கதவு திறந்து காத்திருந்தது. அவள் நகரவில்லை. சின்னவனும் நகரவில்லை.

"அவங்க பையைப் பாக்க வேண்டாம்," என்றார் முதலாளி.

காவலாளி நிமிர்ந்து நின்றார். "இன்னைக்கு மட்டுமா சார்?"

பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். முதலாளி அவர்களைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடைசியில்தான் இன்ஜினியரைப் பார்த்தார்.

"எப்பவுமே வேண்டாம். அவங்க எதையும் எடுக்கலை, எதையும் கெடுக்கலை. தப்பு எங்களோடது." முதலில் மெல்லத்தான் சொன்னார். காவலாளிக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

காவலாளி ஒதுங்கி வழிவிட்டார். இன்ஜினியர் ஜிப்பை இழுக்கப் போனாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். பையைத் திறந்தபடியே தோளில் மாட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் நிதானமாக நடந்து தெருவில் இறங்கினாள்.